நான் வெட்டிப்போட்ட ஏழு அடி

புதூர்நாடு,
12.06.2024

அன்பு நண்பன் குணசீலனுக்கு,

வெற்றிவேல் எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம் என்று முதல் வரியில் எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், பார்த்திருப்பாய். வேறு தாள் எடுத்து ஒழுங்காக எழுத மனசில்லை. நீயும் ஜெயசுதாவும் நல்லபடியாக இருங்கள். வயிற்றில் இருக்கிற பிள்ளையும் நல்லபடியாக இருக்கட்டும்.

போன் இருக்கும்போது இவனுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது ரேஷன் கடை மேட்டில் மட்டும்தான். எந்த நேரம் போனாலும் அங்கே பத்துப் பேர் காதில் போனை வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவன் பேசுவதை மீதி ஒன்பது பேரும் கேட்பார்கள். நான் சொல்லப்போவது யார் காதிலும் விழக்கூடாது. அதோடு இந்தக் கவருக்குள் பஞ்சு சுற்றி ஒரு மெமரி கார்டு வைத்திருக்கிறேன். அது உன் கைக்கு வந்தாக வேண்டும். தபாலாபீசில் ரிஜிஸ்தர் செய்துதான் அனுப்புகிறேன்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ரேணுகாவுக்கு உடம்பு சரியில்லை. உடம்பு என்று சொல்லலாமா, வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பதினைந்து நாளாகிறது. அது என்னால் வந்தது என்று பயப்படுகிறேன். நான் எப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளி என்று ஹாஸ்டலில் நீ பார்த்திருக்கிறாய், பாம்புக்கும் கணக்குப் பரீட்சைக்கும் பயந்தவன். அதெல்லாம் பயமே இல்லை குணா.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். மாசி மாதம் நீ மூன்று சாஃப்ட்வேர் பெயர் எழுதி அனுப்பினாய் அல்லவா? பாட்டுப் பதிந்து, சேர்த்து, பாட்டாக ஆக்குவதற்கு இந்த மூன்றில் ஒன்றை வைத்துக்கொள் என்றாய். முதலாவது உன் ஸ்டூடியோவில் இருப்பது. அதை என் லேப்டாப்பில் போட்டேன். பன்னிரண்டாம் வகுப்பில் கொடுத்த லேப்டாப், பாவம், இரண்டு டிராக் வரைக்கும் நடக்கும், மூன்றாவதில் உட்கார்ந்துவிடும். அது போக, மாதம் ஒரு தடவை நெட்டில் போய்த் தலையைக் காட்டிவிட்டு வரவேண்டுமாம். இங்கே மனுசனுக்கே சிக்னல் கிடைக்கவில்லை.

இரண்டாவதைத்தான் நீ அழுத்தி அழுத்திச் சொன்னாய். எதை வெட்டினாலும் அசல் ஃபைலை அது தொடாது, வெட்டியதுபோலக் காட்டும், எப்போது வேண்டுமானாலும் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் பழையபடி வந்துவிடும் என்று எழுதியிருந்தாய். ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். திறந்தால் ஏரோப்பிளேன் ஓட்டுகிற இடம் மாதிரி நூறு பொத்தான். எந்தப் பொத்தானைத் தொட்டால் என்ன ஆகுமோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். மூன்றாவதுக்குப் பக்கத்தில் நீ ‘அவசரத்துக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தாய். முப்பது எம்.பி.தான். மேட்டில் நின்று இருபது நிமிடத்தில் இறக்கிவிட்டேன். திறந்தால் ஒரே ஒரு கோடு, ஒரு கத்தரி. நமக்கு இது போதும் என்று எடுத்துக்கொண்டேன். அது நிஜமாகவே வெட்டும், சேவ் கொடுத்தால் வெட்டினது போனதுதான் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தேன்.

ரேணுகா ஒரு தடவை பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தாள். திரையில் தெரிகிற சத்த அலையை நான் கொஞ்சம் வெட்டி எறிந்ததும், மாமா, வெட்டினது எங்க போவுது என்று கேட்டாள். எங்கேயும் போகாது, இல்லாமல் போய்விடும் என்றேன். அவளுக்கு அது சரியாகப் படவில்லை. புளியில இன்னா எடுத்தாலும் ஒரு இடத்துக்குப் போவுது, கொட்டைக்கு ஆள் வர்றான், நாரு அடுப்புக்குப் போவுது, ஓடு எருக்குழிக்குப் போவுது, உன் பொட்டியில மட்டும் இன்னாத்துக்கு இல்லாம போவுது என்றாள். நான் சிரித்தேன். அன்றைக்கு அவளும் சிரித்தாள்.

என் ரெக்கார்டிங் அறையை நீ போட்டோவில் பார்த்திருக்கிறாய். பத்துக்குப் பத்து. சுவரோரம் புளி மூட்டைகளை அடுக்கிவைத்தால் எதிரொலி அடங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்து உன்னிடம் பெருமை அடித்தேனே, அதேதான். அங்கேயே ஒரு மூலையில் ரேணுகா கொட்டை எடுத்துக்கொண்டிருப்பாள். பதியும்போது மட்டும் வெளியே போய்விடுவாள். எடிட் செய்யும்போது அங்கேயே இருப்பாள். அதுதான் நடந்த தவறுக்கெல்லாம் வழி.

வைகாசியில் எங்கள் காளியம்மன் பண்டிகை வந்தது. பாட்டெல்லாம் பதியவேண்டும் என்று ஊர்க்கவுண்டர் மாதையனிடம் போய்க் கேட்டேன். பாட்டு எவ்ளோ வேணா புடிச்சிக்கோ, அழைப்பு மட்டும் வாணாம் என்றார். சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தேன். உனக்கு எங்கள் வழக்கம் தெரியாது. சாமியைப் பம்பை அடித்து அழைப்பார்கள். அந்த அடிக்குப் பெயர் அழைப்பு. சாமி வந்து ஆடி, கேட்டதற்குப் பதில் சொன்னபிறகு அதே பம்பைக்காரர் கடைசியில் ஏழு அடி அடிப்பார். அதில்தான் சாமி மலையேறும். நீங்க இருக்கிறதே மலை மேலதானே, உங்க சாமி இன்னும் எங்கே ஏறும் என்று நீ அப்போதே கிண்டல் செய்திருக்கிறாய். எங்கே ஏறுமோ, அந்த ஏழு அடி விழுந்தால்தான் ஏறும். யார் அழைத்தாரோ அவர்தான் அனுப்பவேண்டும், அதே உட்காரலில் அனுப்பவேண்டும்.

பம்பை அடிப்பவர் முனியன் மாமா. அவர்தான் எங்கள் ஊர் ஷேர் ஜீப்பையும் ஓட்டுகிறார். வண்டி ஓட்டும்போது பொழுதுபோகாமல் ஸ்டீரிங்கில் அழைப்பைத் தட்டுவார். தட்டிவிட்டால், ஆள் ஏற்றப் போகிற அவசரத்திலும் அந்த ஏழு அடியைத் தட்டாமல் வண்டியை நிறுத்தமாட்டார். நாங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டு இருக்கிறோம். இது எனக்குத் தெரியாது என்று யாரிடமும் சொல்லமுடியாது.

ஆனாலும் அழைப்பைப் பதிந்தேன். ரெக்கார்டரைத் துண்டுக்குள் சுற்றிப் பந்தக்காலில் தொங்கவிட்டேன். முனியன் மாமாவுக்குத் தெரியாது. பாட்டையெல்லாம் விட இதுதான் அருமையாக வந்திருந்தது குணா. கேட்டால் முதுகுத்தண்டில் என்னவோ ஓடும். நாலு நிமிடம் நாற்பது வினாடி. நீ மேட்டில் நின்ற என்னிடம் போனில், இந்தக் காலத்தில் மூன்று நிமிடத்துக்குமேல் எவனும் கேட்கமாட்டான், வால் பகுதியை வெட்டு என்றாய். உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. நீ சொன்னது தொழில். வாலில் என்ன இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். வெட்டினேன், சேவ் கொடுத்தேன், மூடினேன். கார்டில் இடம் வேண்டும் என்று அதிலிருந்த அசலையும் அழித்தேன்.

பிறகு ஆறு நாள் அழைப்பில் முதல் எட்டு மாத்திரைத் தாளத்தை மட்டும் எடுத்து, முடிந்ததும் தானாகத் திரும்ப ஓடும்படி லூப்பில் போட்டு வேலை பார்த்தேன். அடியில் பேஸ் சேர்த்தேன், கொஞ்சம் எக்கோ கொடுத்தேன், எடுத்தேன், மறுபடி கொடுத்தேன். காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் அதே எட்டு மாத்திரை. ஆயிரம் தடவைக்குக் குறையாது. வா, வா, வா என்று ஆயிரம் தடவை கூப்பிட்டிருக்கிறேன். ரேணுகா என் முதுகுப்பக்கம் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆறாம் நாள் பகல் பதினோரு மணி இருக்கும். புளி தட்டுகிற சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். கையில் புளியோடு கண்ணை மூடிக்கொண்டு லேசாக ஆடினாள். அவளுக்குத் தாளம் பிடித்துவிட்டது என்று நினைத்து சந்தோஷப்பட்டேன். குணா, நான் சத்தத்தைக் கூட்டினேன். இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. கூட்டிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தலை பின்னால் போனது. கண் திறந்தாள், வெள்ளைதான் தெரிந்தது. கட்டின பெண்டாட்டி என்னைப் பார்த்து, டேய், எதுக்குடா கூப்ட்ட என்று கேட்டாள். அவள் குரலே இல்லை. ஸ்பேஸ் பாரைத் தட்டினேன். பெட்டி நின்றது. அவள் நிற்கவில்லை.

அதிலிருந்து ஐந்து தடவை வந்துவிட்டது. பம்பை வேண்டாம், பாட்டு வேண்டாம், எதுவும் வேண்டாம், அதுவாக வருகிறது. ஒரு தடவை ரேஷன் கடை வரிசையில். ஒரு தடவை அடுப்பு முன்னால், வலது கை மணிக்கட்டு வெந்துபோனது. வந்துபோனபிறகு இரண்டு மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறாள். எழுந்தால் எதுவும் நினைவில்லை. இடைப்பட்ட நேரத்தில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறாள். மாமா என்று கூப்பிட்டுப் பதினைந்து நாளாகிறது.

நெல்லிவாசலிலிருந்து அவள் அம்மா மாதம்மாள் அத்தை வந்திருக்கிறார். எம் பொண்ணுமேல ஆத்தா எறங்கியிருக்கா என்று அழுதுகொண்டே வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேர் காணாமல்போன மாட்டைப் பற்றிக் கேட்க வந்துவிட்டார்கள். ரேணுகாவுக்கு எதிரே வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களைத் திட்டி அனுப்பினேன். ஊரில் எல்லோருக்கும் இது எப்படி வந்தது, பண்டிகை முடிந்தபிறகு யார் அழைத்தது என்று ஒரே பேச்சு. நான் வாயைத் திறக்கவில்லை.

ஊர்க்கவுண்டரிடம் போய் உண்மையைச் சொல்லலாம். வேண்டாம் என்று சொன்னதைத் திருட்டுத்தனமாகச் செய்தவனை ஊர் என்ன செய்யும்? தள்ளிவைத்தால் அவளையும் சேர்த்துத்தான் தள்ளிவைப்பார்கள். அதனால் எனக்குத் தோன்றியது இதுதான். அழித்த ஃபைலையும் கார்டிலிருந்து திரும்ப எடுக்கமுடியும் என்று நீ ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். உன் ஸ்டூடியோவில் அதற்கு சாஃப்ட்வேர் இருக்கும். எனக்கு முழுப் பாட்டும் வேண்டாம். கடைசி ஏழு அடி மட்டும் போதும். முனியன் மாமா அன்றைக்கு அழைத்த அதே கையின் அடி. அதை அவள் முன்னால் ஒரே ஒரு தடவை ஓட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறேன். சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை, எடுத்துக்கொடு.

இன்னொன்று. வெட்டின பாட்டை உனக்கு அனுப்பியிருந்தேன். அதை அழித்துவிடு. அழிப்பதற்கு முன்னால் கேட்கவேண்டும் என்று தோன்றினால் ஹெட்போனில் கேள், ஜெயசுதா காதில் படவேண்டாம். மாசமாயிருக்கிற பிள்ளை.

கார்டு கிடைத்ததும் ஒரு வரி எழுது. உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் நண்பன்
வெற்றிவேல்


புதூர்நாடு,
27.06.2024, வியாழக்கிழமை

அன்பு குணாவுக்கு,

உன் கடிதமும் பென் டிரைவும் திங்கட்கிழமை கிடைத்தன. கடிதத்தில் முதல் ஒன்றரைப் பக்கம் நீ என்னைத் திட்டியிருப்பதை முழுதும் படித்தேன். மடையன் என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறாய், எண்ணினேன். முதலில் அவளை டாக்டரிடம் காட்டு, பிறகு உன் பம்பையைப் பார் என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்பே கூட்டிக்கொண்டு போய்விட்டேன். எனக்குப் புத்தி வந்து போகவில்லை. போன வாரம் புதன்கிழமை சாயங்காலம் கிணற்று மேட்டில் வைத்து வந்துவிட்டது. மாதம்மாள் அத்தை சேலையைப் பிடித்து இழுக்காவிட்டால் ரேணுகா இன்றைக்கு இல்லை. அப்போதுதான் என் பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் முனியன் மாமா ஜீப்பில் திருப்பத்தூருக்கு இறங்கினோம். பின்சீட்டில் அத்தை மடியில் ரேணுகா தூங்கிக்கொண்டு வந்தாள். முன்னால் நானும் மாமாவும். நாலாவது வளைவில் மாமா பழக்கதோஷத்தில் ஸ்டீரிங்கில் தட்ட ஆரம்பித்தார். என்னால் தாங்கமுடியவில்லை. மாமா, தட்டாதீங்க என்று கத்திவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன், துண்டு, பந்தக்கால், கத்தரி, ஆயிரம் தடவை, எல்லாம். வளைவிலேயே பிரேக் போட்டு நிறுத்தினார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. இன்னாடா செஞ்சி வெச்சிருக்க என்று மட்டும் கேட்டார். வண்டியை மறுபடி எடுத்தபிறகு, எந்த அடிக்குமேல வெட்டின என்று கேட்டார். சொன்னேன். அதன்பிறகு திருப்பத்தூர் வரைக்கும் அவர் இரண்டு கையாலும் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா. பொறுமையாகக் கேட்டார்கள். வரும்போது நாக்கைக் கடிக்கிறாங்களா, சேலை நனைஞ்சிடுதா என்று கேட்டார்கள். இரண்டு தடவை நனைந்திருக்கிறது. நான்தான் யாருக்கும் தெரியாமல் துவைத்துப்போட்டேன். உனக்கு எழுதின கடிதத்தில்கூடச் சொல்லவில்லை, மன்னித்துவிடு. சாமி வந்தவர்களுக்கு அப்படி ஆகாது என்று எனக்கே தெரியும், தெரிந்தும் அதை நினைவில் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. டாக்டரம்மா எழுதிக்கொண்டார்கள். வலிப்பு மாதிரி தெரிகிறது, மாத்திரை தருகிறேன், தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்கள். ஜூலை முதல் தேதி திங்கட்கிழமை வேலூருக்குப் போகச் சொல்லி எழுதிக்கொடுத்திருக்கிறார்கள்.

நான் விடாமல் லூப் விஷயத்தைக் கேட்டேன். ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் இது வருமா என்று. அவர்கள் சிரிக்கவில்லை. ரொம்ப அபூர்வமா சிலருக்கு அப்படி வரலாம், ஆனா உள்ளே ஏற்கெனவே ஏதாவது இருந்தாத்தான், சும்மா சத்தத்தால வராது என்றார்கள். உள்ளே ஏதாவது என்றால் என்ன என்று கேட்டேன். அதைத்தானே ஸ்கேன்ல பார்க்கப்போறோம் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அத்தை வந்து இன்னா சொன்னாங்க என்று கேட்டார். மாத்திரை கொடுத்திருக்காங்க என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடினபோது எழுந்து நின்று சொல்லிவிட்டேன். முனியன் மாமா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். இன்னும் பலமா சொல்லு என்று இரண்டு தடவை சொன்னார்கள். ஊர்க்கவுண்டர், எங்கிட்ட கேட்டியே, நான் வாணாம்னு சொன்னேனே என்றார். ஆமாங்க என்றேன். ஒரு வருடம் பண்டிகையில் எனக்கு விபூதி கிடையாது, கோயில் வாசலுக்கு வரக்கூடாது என்று தண்டனை வைத்தார்கள். நான் பயந்தது அவ்வளவுதான். இத்தனை நாள் இதற்குப் பயந்தா வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

பிறகு ஊர்க்கவுண்டர் முனியன் மாமாவைப் பார்த்தார். பண்டிகை முடிந்து கட்டி வைத்த பம்பையை அடுத்த வருடம் வரைக்கும் எடுக்கமாட்டார்கள், அது எங்கள் வழக்கம். நம்ம வூட்டுப் பொண்ணுக்கு எடுக்காம யாருக்கு எடுக்கப்போறோம், வெள்ளிக்கிழமை காலையில கட்டை அவுருங்க என்று சொல்லிவிட்டார். ஸ்கேனுக்குப் போகிறோம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். போய்ட்டு வா, வாணாம்னா சொன்னேன், ரெண்டும் நடக்கட்டும் என்றார். நாளைக்குத்தான் வெள்ளிக்கிழமை.

இப்போது உன் பென் டிரைவ் விஷயம். ஏழு அடியில் நாலு அடி முழுசாகக் கிடைத்தது, மீதி மூன்று இருந்த இடத்தில் வேறு பதிவு ஏறிவிட்டது, அதில் ரேணுகா பேசுகிறாள் என்று எழுதியிருந்தாய். எனக்கு அது மறந்தேபோயிருந்தது. கார்டை அழித்த அன்று மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டு வெளியே போயிருந்தேன். அவள் வந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். இல்லாத மூன்று அடியை முதல் நாலிலிருந்து காப்பி எடுத்து ஒட்டித் தருகிறேன், உலகத்தில் ஒருவனுக்கும் வித்தியாசம் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். உன் வேலையில் நீ கெட்டிக்காரன், ஒட்டினால் தெரியாதுதான். ஆனால் வேண்டாம் குணா. அந்த நாலு அடியையும் நான் ஓட்டிக் கேட்கவில்லை. பாதி அனுப்பினால் பாதி போகுமா, கோபித்துக்கொண்டு திரும்பி வருமா என்று எனக்குத் தெரியவில்லை. எதையும் அரைகுறையாகத் தொடுவதற்கு இனிமேல் எனக்குத் தைரியம் இல்லை.

அவள் பேச்சை மட்டும் கேட்டேன். ஹெட்போன் போட்டுக்கொண்டு கேட்டேன். மாமா, சாமச்சோறு ஆறிப் போவுது, அந்தப் பொட்டிய மூடிட்டு வர்றியா இன்னா, பலாப்பழம் வேற அறுத்து வெச்சிருக்கேன் என்கிறாள். ஒன்பது வினாடி. அவ்வளவுதான். முடிந்ததும் திரும்ப ஓட்டினேன். திரும்ப, திரும்ப. பதினோராவது தடவை ஓட்டும்போது நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்து ஹெட்போனைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டேன். அவள் அந்தப் பக்கம் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். போய் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். அந்த ஒன்பது வினாடியை உன்னிடமும் ஒரு காப்பி வைத்திரு, அழித்துவிடாதே.

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து ஒரு தடவைதான் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் பகலெல்லாம் தூங்குகிறாள், விழித்தால் கை நடுங்குகிறது. நேற்று தண்ணீர்ச் சொம்பை எடுக்கப் போய் இரண்டு விரல்கடை தள்ளிப் பிடித்தாள், காற்றைத்தான் பிடித்தாள். அத்தை பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை, திங்கட்கிழமை டாக்டரிடம் சொல்வேன்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது. நாளைக்குக் காலை முனியன் மாமா அவளுக்கு முன்னால் உட்கார்ந்து அழைத்து, ஏழு அடியும் அடித்து அனுப்பப்போகிறார். ஊரே அதற்காகக் காத்திருக்கிறது. நான் அதற்குத்தான் பயப்படுகிறேன். அடிக்காத வரைக்கும் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் கூப்பிட்டேன், அனுப்பவில்லை, அதனால் இப்படி ஆனது. அனுப்பிவிட்டால் சரியாகும். ஏழாவது அடியும் விழுந்து, பம்பையைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவள் கை நடுங்கிக்கொண்டே இருந்தால் நான் என்ன செய்வேன்? அப்போது அது நான் கூப்பிட்டு வந்தது இல்லை. யாரும் கூப்பிடாமல் எப்போதோ வந்து அவள் தலைக்குள் உட்கார்ந்திருப்பது. அதை அனுப்ப எந்தக் கையில் அடி இருக்கிறது?

ஜெயசுதாவிடம் இதையெல்லாம் சொல்லி அவளைக் கலங்கவைக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். நீ கோயில் பக்கம் போகாதவன், தெரியும். இருந்தாலும் இந்தக் கடிதம் கிடைக்கிற அன்று எனக்காக ஒரு தடவை போ. ரேணுகாவுக்கு நல்லபடியாக ஆகட்டும் என்று எல்லோரும் வேண்டுகிறார்கள், அது போதும். நீ வேறு மாதிரி வேண்டிக்கொள். எல்லாம் நான் செய்த தப்பினால் மட்டும் வந்ததாக இருக்கட்டும் என்று கேள். வேறு எதுவும் கேட்காதே, தப்பு முழுக்க என்னுடையதாகவே இருக்கட்டும்.

உன்
வெற்றிவேல்